பேசாத கட்டங்கள்

மார்ச் 3

மென்பொருள் பிரிவில் இருப்பவருக்கு,

இதை உன் அண்ணன் எழுதுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் நிறுவனம் செய்து அனுப்பிய மென்பொருளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் ஒரு மருத்துவமனைப் பதிவு ஊழியர் எழுதுவதாக எடுத்துக்கொள். (முழுக் கடிதத்தையும் ‘நீங்கள்’ போட்டு எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டாவது வரியிலேயே கை பழைய வழக்கத்துக்குப் போய்விட்டது. போகட்டும்.)

புதிய மென்பொருள் உன் கைவண்ணம் என்று அம்மா போனில் சொன்னாள். பெருமையாகத்தான் சொன்னாள். இரண்டு வருடமாக நாம் பேசிக்கொள்ளாததால் இப்படி ஏதாவது ஒரு சாக்கில் உன் பேச்சை எடுப்பது அவளுடைய வேலை. அடுத்த நாள் கவுன்டரில் உட்கார்ந்து அதைத் திறந்தேன்.

என் வேலை உனக்குத் தெரியும். நோயாளி எதிரே வந்து உட்காருவார். பெயர், வயது கேட்பேன். பிறகு சர்க்கரை உண்டா, இரத்த அழுத்தம் உண்டா, ஆஸ்துமா உண்டா, ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா என்று வரிசையாகக் கேட்பேன். ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு கட்டம். பழைய மென்பொருளில் டேப் கீயை அழுத்தினால் அடுத்த கட்டத்துக்குப் போகும், திரையைப் பார்க்க முடியாத எனக்குக் காதில் மாட்டிய கருவியில் குரல் சொல்லும்: “சர்க்கரை நோய், தேர்வுப் பெட்டி, தேர்வாகவில்லை.” ஸ்பேஸ் பாரைத் தட்டினால் “தேர்வானது” என்று சொல்லும். அவ்வளவுதான். கண் உள்ளவர்கள் என்னைவிட வேகமாகச் செய்து நான் பார்த்ததில்லை, கேட்டதுமில்லை.

உங்கள் மென்பொருளில் வயதுக்குப் பிறகு டேப் தட்டினால் ஒரே தாவலில் ‘சேமி’ பட்டனுக்குப் போய்விடுகிறது. நடுவில் இருக்க வேண்டிய கட்டங்களைக் காணோம். வேறு வழிகளில் தேடிப் பிடித்தால் குரல் சொல்கிறது: “படம். படம். படம்.” என்ன படம், டிக் விழுந்திருக்கிறதா இல்லையா, ஒன்றும் தெரியாது. பக்கத்துக் கவுன்டர் அக்கா தன் வேலையை விட்டுவிட்டு வந்து எனக்கு டிக் அடித்துத் தருகிறார். வரிசை வாசல் வரை நிற்கிறது.

நிர்வாகி கூப்பிட்டுப் பேசினார். தன்மையான மனிதர். மாதக் கடைசி வரை பார்ப்போம், சரிவராவிட்டால் மாடியில் தொலைபேசி அறையில் உட்காருங்கள் என்றார். சம்பளம் குறையாதாம், மரியாதையும் குறையாதாம். எல்லாருடைய கையிலும் செல்போன் இருக்கும் காலத்தில் அந்த அறைத் தொலைபேசி எத்தனை தடவை அடிக்கும் என்று நினைக்கிறாய்? எனக்கு இந்த நாற்காலி வேண்டும்.

சரிசெய்து கொடு. எங்கள் நிர்வாகிக்குப் போன் செய்யாதே. எனக்கும் போன் செய்யாதே. போனில் நீ மட்டும்தான் பேசுவாய்.

இப்படிக்கு,
மூன்றாம் எண் கவுன்டர் ஊழியர்


மார்ச் 5

அண்ணா,

மூன்றாம் எண் கவுன்டர் ஊழியருக்கு எழுத எனக்கு வராது. அண்ணனுக்குத்தான் எழுத வரும்.

உன் கடிதத்தை அலுவலகத்தில் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் படித்தேன். முதலில் சந்தோஷம்தான் வந்தது. திட்டவாவது எழுதினானே என்று. ‘படம், படம், படம்’ வந்த இடத்தில் பிரித்த சாப்பாட்டை மூடிவைத்துவிட்டேன்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். திரையில் வைப்பதற்கென்று செக்பாக்ஸ், அதாவது உன் குரல் சொல்லும் ‘தேர்வுப் பெட்டி’, தயாராகவே கிடைக்கும். அதை எடுத்துப் போட்டால் போதும், டேப் கீ, ஸ்பேஸ் பார், குரலுக்குச் சொல்ல வேண்டிய பெயர், நிலை எல்லாம் கூடவே வரும். ஆனால் பார்ப்பதற்கு அது சின்னச் சாம்பல் நிறக் கட்டம், அரதப் பழசாக இருக்கும். எங்கள் வடிவமைப்பாளருக்கு அது பிடிக்கவில்லை. ஓரம் வளைந்த, பச்சை நிறத்தில் டிக் விழுகிற பெட்டி வேண்டும் என்றார். நான் இரண்டு படம் வரைந்து வாங்கினேன், ஒன்று காலி, ஒன்று டிக் விழுந்தது. மவுஸால் தட்டினால் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைக்கும்படி எழுதினேன். கண்ணுக்கு அது செக்பாக்ஸ். கம்ப்யூட்டருக்கு அது சுவரில் மாட்டிய படம். அலுவலகத்தில் கைதட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

சரிசெய்வேன். அதற்குள் உன்னை மாடிக்கு அனுப்பிவிட்டால்? உங்கள் நிர்வாகியிடம் ஒரே ஒரு வார்த்தை, ‘தவறு எங்களுடையது, இன்னும் கொஞ்சம் பொறுங்கள்’ என்று மட்டும் சொல்லட்டுமா? நிறுவனத்தின் சார்பில்தான், தங்கை என்று மூச்சு விடமாட்டேன்.

இதை எழுதும்போதே உன் முகம் போகிற போக்கு தெரிகிறது. சரி, அதையும் பேசிவிடுவோம். நீ நேர்காணலுக்குப் போனபோது நான் உங்கள் மருத்துவமனைக்குப் போன் செய்து உனக்கு வேலை கேட்கவில்லை. நேர்காணலுக்கு வருபவர் என் அண்ணன், கண் தெரியாது என்பதற்காகக் கேள்வி கேட்காமல் அனுப்பிவிடாதீர்கள் என்று மட்டும்தான் சொன்னேன். கேள்விகளுக்குப் பதில் சொன்னது நீ. வேலை வாங்கியது நீ. இதைச் சொல்ல நீ எனக்கு ஒரு வாய்ப்புத் தரவே இல்லை.

வாயாடி


மார்ச் 8

வாயாடிக்கு,

போன் செய்யாதே. செய்தால் நானே மாடிக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

நீ அன்று என்ன சொன்னாய் என்பதல்ல விஷயம். நான் வேலைக்குச் சேர்ந்து நன்றாகச் செய்கிறேன் என்று தலைநிமிர்ந்து நடந்துகொண்டிருந்தபோது ஒருவர் வந்து, ‘உங்க தங்கச்சி முன்னாடியே பேசிட்டாங்களே சார்’ என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். அன்றிலிருந்து யார் என்னைப் பாராட்டினாலும் எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. என்னையா, உன் பேச்சையா? உனக்கு உதவி செய்யத் தெரியும். வேண்டுமா என்று கேட்கத்தான் தெரியாது.

உன் கடிதத்தை எனக்குப் படித்தது அதே இயந்திரக் குரல்தான். ‘சந்தோஷம்தான் வந்தது’ என்பதையும் ‘டேப் கீ’ என்பதையும் ஒரே தொனியில் வாசித்தது. ஒருவகையில் நல்லதுதான். உன் குரலில் கேட்டிருந்தால் இந்தக் கடிதம் இவ்வளவு காரமாக வந்திருக்காது.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். அக்கா வேறு வேலையாக இருந்தார். எதிரே ஒரு வயதானவர். எத்தனையாவது படம் எந்தக் கேள்வி என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். எண்ணிக்கொண்டே போய்த் தட்டினேன். சேமித்தும் விட்டேன். மருந்து ஒவ்வாமைக்குப் போட வேண்டிய டிக்கை ஆஸ்துமாவுக்குப் போட்டிருக்கிறேன். உள்ளே இருந்த நர்ஸ் அவரிடம் இன்னொரு முறை கேட்டதால் தெரிந்தது. கேட்காமல் ஊசி போட்டிருந்தால்?

நானே நிர்வாகியிடம் போய், இந்த மென்பொருளில் நான் தனியாக டிக் அடிப்பது சரியில்லை, அக்கா பார்த்த பிறகே சேமிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. உலகத்தில் வேறு எவளாவது இதைச் செய்திருந்தால், பாவம் தெரியாமல் செய்துவிட்டாள் என்று விட்டிருப்பேன். நீ எப்படிச் செய்தாய்? பஸ்ஸின் பெயர்ப் பலகையிலிருந்து பள்ளிக்கூடத்துக் கரும்பலகை வரை எனக்கு வாசித்துச் சொன்னவள் நீ. ‘வாயாடி’ என்று பெயர் வந்ததே அதனால்தான். உனக்குமா தெரியாது?

அண்ணன்


மார்ச் 13

அண்ணா,

நீ கேட்ட கேள்விக்குப் பதில் தேடித்தான் இத்தனை நாள் எழுதவில்லை. அவசரம், வேலை, வடிவமைப்பாளர் சொன்னார் என்று நான்கைந்து காரணம் எழுதிப் பார்த்து அழித்தேன். அவை பொய் இல்லை. ஆனால் பதிலும் இல்லை.

பதில் இதுதான். இந்தத் திரையைச் செய்யும்போது நான் உன்னை நினைக்காமல் இல்லை. மருத்துவமனைப் பதிவு என்றதுமே உன் நினைப்புதான் வந்தது. ஆனால் நீ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பதாக நினைக்கும்போதெல்லாம் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். ‘இதோ சர்க்கரை, டிக் போட்டாச்சு, அடுத்தது’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். நீ தனியாக ஒரு திரையோடு இருப்பதை நான் ஒருநாளும் கற்பனை செய்து பார்த்ததில்லை. நீ தினமும் தனியாகத்தான் இருக்கிறாய் என்று தெரிந்தும்கூட. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, உன் மேல் கொஞ்சம் கோபமாகவும் இருக்கிறது. ஏன் கோபம் என்று கேட்காதே, எனக்கே தெரியாது.

இனி வேலை. வீட்டிலேயே உட்கார்ந்து மாற்றி எழுதினேன். படங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு நிஜ செக்பாக்ஸை வைத்தேன். அதன் மேல்தோலை மட்டும் பச்சையாகவும் வளைவாகவும் வரைய வைத்தேன். வடிவமைப்பாளருக்கும் மனம் நோகாது. பிறகு நீ பயன்படுத்தும் அதே குரல் மென்பொருளைப் போட்டு, திரையை அணைத்துவிட்டு, காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

டேப் தட்டினேன். “தேர்வுப் பெட்டி, தேர்வாகவில்லை.” அடுத்ததற்கும் “தேர்வுப் பெட்டி, தேர்வாகவில்லை.” கடைசிவரை அதே பாட்டு. எந்த நோய் என்று ஒன்றும் சொல்லவில்லை. கண்ணால் பார்த்தால் ஒவ்வொரு பெட்டிக்கும் பக்கத்தில் அழகாக எழுதியிருக்கிறது. ஆனால் எழுத்தைத் தனியாகவும் பெட்டியைத் தனியாகவும் வைத்திருந்தேன். இரண்டுக்கும் உறவு உண்டு என்று கம்ப்யூட்டருக்கு யார் சொன்னது? எழுத்தைப் பெட்டிக்கே சொந்தமாகக் கொடுத்த பிறகுதான் “சர்க்கரை நோய், தேர்வுப் பெட்டி” என்று வாயைத் திறந்தது. இதில் இன்னொரு லாபமும் உண்டு. இப்போது எழுத்தின் மேல் தட்டினாலும் டிக் விழும். மவுஸ் பிடிக்கக் கை நடுங்குகிறவர்களுக்கும் சௌகரியம்.

ஆனால் முட்டுக்கட்டை ஒன்று விழுந்திருக்கிறது. மேலாளரிடம் காட்டினேன். நல்ல வேலை, அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்வோம் என்றார். அடுத்த பதிப்பு அரை வருடம் கழித்து. இப்போதே அனுப்ப வேண்டும் என்றேன். “எத்தனை பேருக்கும்மா இது பிரச்சினை?” என்று கேட்டார். உன்னைக் கேட்காமல் உன் பேச்சை எடுக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். ‘சிலருக்கு இருக்கலாம்’ என்று மென்று விழுங்கினேன். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

மாதக் கடைசி நெருங்குகிறது. இந்தத் தடவை கேட்கிறேன்: உன்னைப் பற்றிச் சொல்லட்டுமா?

வாயாடி


மார்ச் 17

வாயாடிக்கு,

கேட்டதற்கு நன்றி. வேண்டாம். நானே பேசிக்கொள்கிறேன் என்று முடிவு செய்தேன். பேசியும் விட்டேன். பேசியதில் ஒரு விபரீதம் நடந்துவிட்டது, வேறு யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் வாடிக்கையாளர் எண்ணுக்குப் போன் செய்தேன். ஒருவர் இன்னொருவருக்கு மாற்றி, அவர் வேறொருவருக்கு மாற்றி, கடைசியில் உன் மேலாளரிடம் வந்தது. மருத்துவமனை ஊழியர் என்று மட்டும் சொல்லி முழுவதையும் விளக்கினேன். ஒவ்வாமை டிக் இடம் மாறிய கதையையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரே மிதப்பு, நாமாகப் பேசி நாமாகக் காரியத்தை முடிக்கிறோம் என்று.

அப்போது அவர் சொன்னார்: “மன்னிச்சுக்கோங்க சார். அந்தப் பகுதியை எழுதினது எங்க பொண்ணு ஒருத்தங்க. அழகா இருக்கணும்னு மட்டும் பாத்து, மத்ததை யோசிக்காம பண்ணிட்டாங்க. நான் அவங்ககிட்ட பேசிக்கிறேன்.”

அந்தப் ‘பேசிக்கிறேன்’ எனக்குப் பிடிக்கவில்லை. நான் எதையும் யோசிக்கவில்லை, சத்தியமாக. வாய் தானாகத் திறந்துகொண்டது.

“அவ என் தங்கச்சி சார். அவளை ஒண்ணும் சொல்லிடாதீங்க. நல்லா வேலை செய்வா. ஏற்கெனவே எல்லாத்தையும் மாத்தி எழுதி வச்சிருக்கா, நீங்க அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.”

என் காது மடல் இரண்டும் கொதித்தன. ஏதோ சொல்லிச் சமாளித்துப் போனை வைத்தேன். பக்கத்துக் கவுன்டர் அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். “ரெண்டு வருஷமா பேசலைன்னீங்க, இப்ப அவங்களுக்காக ஊரையே கூப்பிட்டுப் பேசுறீங்க” என்று கேலி செய்தார்.

உட்கார்ந்து யோசித்தேன். நம்மவர்களைப் பற்றி ஒருவர் ஏதோ முடிவுக்கு வரப்போகிறார் என்று தெரிந்தால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது போலிருக்கிறது. நீயும் அன்று இப்படித்தான் பேசியிருப்பாய். அதற்காக நீ செய்தது சரியாகிவிடாது. நான் செய்ததும் சரியில்லை. உன் அலுவலகத்தில் உனக்கு ஏதாவது சங்கடம் வந்திருந்தால் கோபித்துக்கொள், எனக்கு அது வேண்டும்.

அண்ணன்


மார்ச் 20

அண்ணா,

கோபம்தான். நன்றாக வாங்கிக்கொள்.

உன்னை யார் சிபாரிசு செய்யச் சொன்னது? மேலாளர் எல்லார் எதிரிலும் “உங்க அண்ணன் பேசினாருங்க” என்றார். அன்று முதல் அலுவலகத்தில் யாராவது யாரையாவது குறை சொன்னால் போதும், ‘அண்ணனைக் கூப்பிடு’ என்கிறார்கள். எனக்கு எத்தனையோ வருட அனுபவம் இருக்கிறது. அத்தனையும் போய் இப்போது நான் அண்ணன் வந்து பேசிய பெண். நேற்று மேலாளர் என் வேலையைப் பாராட்டினார். நிஜமாகவா, நீ பேசியதற்காகவா என்று ஒரு நிமிடம் நினைத்துவிட்டேன். நினைத்ததும் அப்படியே நின்றுவிட்டேன். உனக்கு இது இரண்டு வருடமாக இருந்திருக்கிறது. நீ வீம்பு பிடிக்கிறாய் என்று அம்மாவிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! மன்னித்துக்கொள்.

இனி நல்ல செய்தி. உன் பேச்சால் மட்டும் காரியம் நடக்கவில்லை என்று உனக்கு ஆறுதலாகச் சொல்கிறேன். உன்னோடு பேசிய அன்றே மேலாளர் தன் திரையை அணைத்துவிட்டுப் இப்போது உங்களிடம் இருக்கும் மென்பொருளில் குரலை மட்டும் கேட்டு ஒரு நோயாளியைப் பதிவு செய்து பார்த்தார். வயதோடு நின்றுவிட்டார். மறுநாள் மதியம் எங்கள் எல்லாருடைய திரைகளையும் அணைக்கச் சொன்னார். வடிவமைப்பாளர் தன் கையால் வரைந்த பச்சைப் பெட்டியைத் தேடித் தேடிக் களைத்து, கடைசியில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அவரே எழுந்து போய், இதை இப்போதே அனுப்பிவிடுங்கள் என்று மேலாளரிடம் சொன்னார்.

திருத்திய பதிப்பு இந்த வாரக் கடைசியில் உங்கள் மருத்துவமனைக்கு வருகிறது. எங்கள் ஆள் ஒருவர் வந்து போட்டுத் தருவார். நான் வரவில்லை. வர ஆசைதான், பையைக்கூட எடுத்து வைத்தேன். பிறகு, நான் வந்து நின்றால் உன் முதல் நாள் என் நாளாகிவிடும் என்று தோன்றியது.

எப்படி இருந்தது என்று மட்டும் எழுது. எது சரியில்லையோ அதையும் எழுது.

வாயாடி


மார்ச் 29

வாயாடிக்கு,

உங்கள் ஆள் வந்தார், போட்டார், போனார். நான் யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது; காட்டிக்கொள்ளவில்லை. நல்ல பிள்ளை.

முதலில் குறைகள். பிறந்த தேதி எடுக்கும் நாள்காட்டி இன்னும் ஊமையாகத்தான் இருக்கிறது; தேதியைக் கையால் தட்டச்சு செய்தேன். மருந்து ஒவ்வாமை எல்லாக் கட்டங்களுக்கும் கடைசியில் வருகிறது, அதை முதலில் கொண்டுவா. டிக்கை எடுத்த பிறகு குரல் கொஞ்சம் தாமதமாகச் சொல்கிறது. விழுந்ததா, எடுத்ததா என்று நான் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அதையும் பார்.

இப்போது மற்றது. இன்று நிர்வாகி என் பின்னால் வந்து நின்றார். பார்க்காமல் தெரியாதா, அவர் செருப்புச் சத்தம் தனி. எதிரே ஓர் அம்மா, எதைக் கேட்டாலும் தன் மருமகளைப் பற்றியே பதில் சொன்னார். டேப் தட்டினேன். “சர்க்கரை நோய், தேர்வுப் பெட்டி, தேர்வாகவில்லை.” கேட்டேன், உண்டு என்றார், தட்டினேன், தேர்வானது. ஒவ்வாமை வரை நானே போனேன். பெனிசிலின் ஆகாது என்றார். ஸ்பேஸ் பாரைத் தட்டிவிட்டு, திரும்பிப் போய் இன்னொரு முறை காதால் சரிபார்த்துக்கொண்டு சேமித்தேன். பக்கத்துக் கவுன்டர் அக்கா பழக்கதோஷத்தில் எழுந்து என் பக்கம் வந்தார். “வேண்டாம்க்கா, ஆச்சு” என்றேன். கொஞ்சம் நின்றுவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

நிர்வாகி, அடுத்தவரைக் கூப்பிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் அந்த மாடித் தொலைபேசி அறையைச் சலவைத் துணி மூட்டை வைக்கக் கொடுத்துவிட்டதாகக் காதில் விழுந்தது. வரிசை முடிந்து எல்லாரும் போன பிறகு, உன்னோடு பேச வேண்டும் போல இருந்தது. போன் செய்யாதே என்று சொன்னவன் நான்தான், அதனால் எழுதுகிறேன்.

விடுப்பு எடுத்துக்கொண்டு வா. அம்மா வீட்டுக்கு அப்புறம் போகலாம், முதலில் இங்கே வா. என் பக்கத்தில் நாற்காலி போடச் சொல்லாதே. எல்லாரும் உட்காரும் எதிர் நாற்காலியில் உட்கார். பெயர், வயது, சர்க்கரை, அழுத்தம் எல்லாம் கேட்பேன், யாரிடமும் கேட்பது போலத்தான் கேட்பேன். உனக்கு உடம்புக்கு என்ன என்று இரண்டு வருடமாக எனக்குத் தெரியாது. நீ சொன்னால் போதும், டிக்கை நான் போட்டுக்கொள்கிறேன்.

அண்ணன்